சின்னவளின் மீன்தொட்டி

சின்னவள் தன் புதுக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டி முடித்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், அந்த வீட்டு நாற்காலிகள் அத்தனையும் மாடி ஏறிவிட்டன. பெரியவள் வேலை முடிந்து வந்து, கூடத்தில் காலை நீட்டி உட்காரலாம் என்று பார்த்தால் ஒரு ஸ்டூல்கூட மிச்சமில்லை. மேலே பேச்சும் சிரிப்புமாக இருந்தது. மாமியாரின் சிரிப்பு தனியாகக் கேட்டது. முழங்கால் வலி என்று ஆறு மாதமாக மாடிப்படியை நிமிர்ந்துகூடப் பார்க்காதவள் அவள்.

ஒரே வீடுதான். கீழே மூத்த மகன், அவன் மனைவி, மாமியார். மாடியில் இளைய மகனும் அவன் மனைவியும். மருமகள்களை மாமியார் 'பெரியவ', 'சின்னவ' என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவிலும் அதுவே பெயராக நின்றுவிட்டது. பெரியவள் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன். சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை மெஷினில் ஏற்றி, சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் அனுப்புகிற வேலை. பதினான்கு வருடமாகச் செய்கிறாள். சின்னவள் வீட்டில் உட்கார்ந்தபடியே அனிமேஷன் செய்கிறவள். அஸ்திவாரம்கூடப் போடாத கட்டிடத்துக்குள் ஆளை நடக்கவிட்டு, ஜன்னல் வழியே வெயில் விழுவதைக் காட்டுவாள். மாமியார் அதைப் 'பொம்மைப் படம்' என்பாள். ஆனால் பெருமையாகச் சொல்வாள்.

பெரியவள் மாடிக்குப் போனாள். மேஜை மேல் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய பெட்டி ஒன்று நின்றது. உள்ளே விரல் தடிமனில் கண்ணாடி போன்ற குழாய்கள், ஒரு சுருக்கம் இல்லாமல் வளைத்துப் பொருத்தப்பட்டிருந்தன. பொம்மைப் படம் செய்யும்போது கம்ப்யூட்டர் அடுப்பாகக் கொதிக்குமாம். விசிறியால் சமாளிக்க முடியாததால் தண்ணீர் ஓடவிட்டுக் குளிரவைக்கிற ஏற்பாடாம். சின்னத் தொட்டியிலிருந்து பம்ப் தண்ணீரைத் தள்ளும். அது சூடான சில்லுகளின் மேல் ஓடி, காரில் இருப்பது மாதிரியான ஒரு ரேடியேட்டரில் சூட்டை விட்டுவிட்டுத் தொட்டிக்கே திரும்பும். கடையில் ஆள் வைத்துச் செய்யவில்லை. மூன்று வாரமாகச் சின்னவளே அளந்து, அறுத்து, சூடு காட்டி வளைத்துப் பூட்டியிருந்தாள்.

"மீன்தொட்டி மாதிரியே இருக்குடி," என்றாள் மாமியார். "மீனை எப்ப விடுவே?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளின் கணவன் முழங்காலிட்டு உட்கார்ந்து, டார்ச் அடித்துக் குழாயின் மூட்டுகளைக் காட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும், "வந்துட்டியா, இதைப் பாரேன். இந்த வளைவைப் பாரு, மெஷின்ல போட்ட மாதிரி," என்றான்.

"நல்லா இருக்கு," என்றாள் பெரியவள். அவள் பார்த்தது வளைவை அல்ல, டார்ச்சை. பதினான்கு வருடத்தில் ஒரு நாள், அவளைக் கொண்டுபோய் விடும்போதாவது, 'உன் மெஷின் எப்படி இருக்கும், காட்டு' என்று அவன் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. ரத்தம் என்றால் தலைசுற்றும் என்பான். அவள் வேலையைப் பற்றி அந்த வீட்டில் கேட்ட ஒரே கேள்வி, 'நாளைக்குக் காலை ஷிப்டா, மத்தியான ஷிப்டா?' என்பதுதான். அதுவும் சமையலுக்காகக் கேட்டது.

அன்று சாப்பிடும்போதும் பேச்சு அதுவே. "அந்தப் பொண்ணுக்கு எங்கேருந்துதான் அந்தப் பொறுமையோ," என்று கணவன் ஆரம்பித்தான். அவள் கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்ட சத்தத்தில் அந்தப் பேச்சு நின்றது. வயிறு எரிந்தது. இதற்கு நேராகப் பெயர் சொல்லக் கூச்சமாக இருந்ததால், களைப்பு என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு தட்டைக் கழுவினாள்.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஷிப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு வந்தாள். கேட்டைத் திறக்கும்போதே மாடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பசித்த வயிறு இரைவது மாதிரி 'கொர்ர்... களக்... கொர்ர்'. அவளுக்குத் தெரியாத சத்தமா அது. செருப்பைக் கழற்றும்போதே உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

மேலே நாலு முகமும் தொங்கிக்கிடந்தன. தண்ணீரை ஊற்றியாகிவிட்டது. ஒழுகினால் தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு மூட்டின் அடியிலும் டிஷ்யூ காகிதம் விரித்திருந்தார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் குழாய்களுக்குள் வெள்ளைக் குமிழிகள் ஓடிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டரைப் போட்டு வேலை கொடுத்தால் நாலே நிமிடத்தில் சூடு தொண்ணூறைத் தாண்டி, தானே அணைந்துவிடுகிறது.

"உள்ளே காத்து அடைச்சுக்கிச்சு அக்கா," என்றாள் சின்னவள். தலையை அள்ளி முடிந்திருந்தாள்; ஒரு கன்னத்தில் கறுப்பு மை. "எங்கே நிக்குதுன்னே தெரியல. காலையிலேருந்து பெட்டியை உலுக்கிப் பாத்துட்டோம், தட்டிப் பாத்துட்டோம்."

பெரியவள் வாசலில் நின்றபடியே பார்த்தாள். ஒரு பார்வைதான். ரேடியேட்டர் முன்பக்கம் நெட்டுக்குத்தலாக நின்றது. தண்ணீர் நுழைகிற வாயும் வெளியேறுகிற வாயும் இரண்டும் அடியில். உள்ளே போன காற்று மேலே ஏறி உச்சியில் உட்கார்ந்துகொண்டது. வெளியே வர வழி அடியில்தானே இருக்கிறது, காற்று எப்படிக் கீழே இறங்கும்? அது உட்கார்ந்த இடத்தில் தண்ணீரும் புகாது. உள்ளங்கை நெல்லிக்கனி போல அவளுக்கு அது விளங்கிவிட்டது. தினம் ஆறு தடவை அவள் செய்கிற வேலையே இதுதான். நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் முழங்கை நீள வடிகட்டியையும் குழாய்களையும் உப்புநீரால் நிரப்பி, ஒரு குமிழி மிச்சமில்லாமல் துரத்த வேண்டும். அதற்கு வடிகட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியிலிருந்து தண்ணீர் ஏறும்படி விட்டு, உள்ளங்கையால் தட்டி, குழாயைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். அங்கே காற்று உள்ளே போனால் கம்ப்யூட்டர் அணையாது, ஆளே அணைந்துபோவார்.

"அக்கா, உங்க ஆஸ்பத்திரி மெஷின்லயும் குழாயெல்லாம் இருக்கும்ல?" என்று சின்னவள் திடீரென்று கேட்டாள். "உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

கேட்டுவிட்டாள். அந்த வீட்டில் முதல்முதலாக ஒருத்தி அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாள். ஆனால் கேள்வி வந்த நேரம் அப்படி. தனக்குத் தேவை என்றதும்தான் என் மெஷின் ஞாபகம் வருகிறதா என்றுதான் பெரியவளுக்குப் பட்டது.

"எனக்கென்னம்மா தெரியும்," என்றாள். "அது வேற, இது வேற. நீங்கள்லாம் படிச்சுப் பாத்துப் பண்றீங்க."

அத்தோடு நிறுத்தியிருந்தாலும் பாதகமில்லை. கணவன் சொன்னான்: "பம்பை ஃபுல் ஸ்பீட்ல வெச்சு அப்படியே விட்டுடலாம். அடிக்கிற அடியில காத்து தானா வெளியே வந்துடும்." சின்னவள் தயங்கி, பெரியவளைப் பார்த்தாள். வேகமாக அடித்தால் பெரிய குமிழி ஆயிரம் பொடிக் குமிழியாக உடையும், தண்ணீர் நுரைத்துப்போகும் என்பது பெரியவளுக்குத் தெரியும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அவள் சொல்லித் தருகிற முதல் பாடமே அது.

"ஆமா, அப்படியே விடுங்க," என்றாள். "போயிடும்."

சொல்லிவிட்டுக் கீழே வந்து முகம் கழுவினாள். கண்ணாடியில் பார்த்தபோது முகம் சாதாரணமாகத்தான் இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குள் மாடியில் சத்தம் மாறியிருந்தது. கொர்ரென்ற இரைச்சல் போய், கல்லை அரைப்பது மாதிரி ஒரு கரகரப்பு. தொட்டியில் தண்ணீர் இறங்கி, பம்ப் காற்றையே உறிஞ்சுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு அதுவும் நின்றது. சின்னவள் இறங்கி வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நிறுத்திட்டேன் அக்கா. தண்ணி பால் மாதிரி வெளுத்துப்போச்சு. பம்ப் போயிடுச்சோ என்னமோ."

"பழைய கம்ப்யூட்டர் இருக்குல்ல?"

"எங்கே இருக்கு? அதைப் பிரிச்சு பாதி சாமானை இதுல போட்டாச்சு." சின்னவள் சமையல் மேடையில் சாய்ந்துகொண்டாள். "புதுசா கட்டப்போற ஒரு பாலத்துக்குப் படம், திங்கக்கிழமை காலையில அவங்களுக்குக் குடுக்கணும். ஆறு நிமிஷப் படம். இவ்வளவு பெரிய வேலை எனக்கு இதுதான் முதல்ல வந்தது. கம்ப்யூட்டர் ராத்திரி பகலா ஓடினாத்தான் முடியும்."

பெரியவள் டீ போட்டாள். சின்னவளுக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுத்தாள். "கவலைப்படாத, எல்லாம் சரியாயிடும்," என்று முதுகில் தட்டியும் கொடுத்தாள். தட்டிய கைக்குத் தான் செய்வது என்ன என்று தெரியாமல் இல்லை. இருந்தாலும் அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. மாமியார் மாடிக்குப் போகவில்லை. கணவன் டார்ச்சை அலமாரியில் வைத்துவிட்டான். நாற்காலிகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன.

ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்குக் காலை ஷிப்ட். நாலாம் நம்பர் படுக்கைக்கு வழக்கமாக வருகிறவர் ஒரு பஸ் கண்டக்டர். ஓய்வுபெற்று நாலு வருடம் ஆகிறது; பேச்சு மட்டும் ஓய்வு பெறவில்லை. ஊசி குத்தும்போதுகூடக் கதை கேட்டுக்கொண்டே இருப்பார். அவருக்கான வடிகட்டியைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டியபடியே, பெரியவள் வீட்டுக் கதையைச் சொன்னாள். சொல்லத் தெரிந்தவள் அவள். மீன்தொட்டியில் ஆரம்பித்து, மாமியார் முழங்கால் வலி மறந்து படியேறியது, தன் கணவன் டார்ச் அடித்தது, நாலு பேர் சேர்ந்து பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி ஆட்டியது எல்லாவற்றையும் நடித்தே காட்டினாள். கண்டக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். அடுத்த படுக்கைக்காரரும் சிரித்தார்.

"அப்புறம் நீ போய் எடுத்துவிட்டே, அதானே?" என்றார் கண்டக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இல்ல, விட்டுட்டேன்."

"ஏன், உன்னை அவங்க கேக்கலையா?"

பெரியவள் குழாயைப் பிடித்து விட்டாள். ஒரு குமிழி துள்ளி மேலே போனது. "கேட்டாங்க," என்றாள்.

அவர் அடுத்த கேள்வி கேட்பார் என்று காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. "ஓ," என்றார். கையை நீட்டி வைத்துக்கொண்டு, சுவரில் ஓடுகிற டிவியைப் பார்க்கத் தொடங்கினார். வாய் ஓயாத மனிதர் அதற்குப் பிறகு நாலு மணி நேரமும் அவளிடம் தண்ணீர் மட்டுமே கேட்டார். ஒருவேளை உண்மையிலேயே டிவியில் நல்ல படம் ஓடியிருக்கலாம். ஆனால் அவளால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு தடவை அவர் கையின் குழாயைச் சரிபார்க்கப் போகும்போதும் அவர் கண் தன் விரல்களைப் பார்ப்பது போலவே இருந்தது. இந்த ஆள் தன் உயிரை வாரம் மூன்று நாள் அவளிடம் ஒப்படைக்கிறார்; தெரிந்தே ஒன்றை விட்டுவிடக்கூடியவள் என்று இன்று அவளே தன் வாயால் சொல்லியாகிவிட்டது.

பஸ்ஸில் வரும்போது ஆயிரம் நியாயம் யோசித்தாள். கம்ப்யூட்டரும் மனிதனும் ஒன்றா? ஒரு பொம்மைப் படம் வராவிட்டால் பாலம் இடிந்துவிடுமா? எல்லா நியாயமும் சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் மாடி ஏறினாள்.

சின்னவள் தரையில் உட்கார்ந்து, ஸ்க்ரூ டிரைவரால் பெட்டியின் அடிப்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கொழுந்தன் கட்டிலில் உட்கார்ந்து போனில் யாரிடமோ வாடகைக்குக் கம்ப்யூட்டர் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். தொட்டியில் தண்ணீர் தெளிந்திருந்தது.

"அதைக் கழட்டாத," என்றாள் பெரியவள். "நேத்துலேருந்து நிறுத்தி வெச்சது நல்லதாப் போச்சு, நுரை அடங்கிடுச்சு. தொட்டியை விளிம்பு வரைக்கும் நிரப்பு. மூடியை நல்லா இறுக்கு. பழைய துண்டு ரெண்டு, கட்டில் தலையணை நாலு கொண்டா. தம்பி, போனை வெச்சுட்டு வா. உங்க அண்ணனையும் கூப்பிடு."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவள் குரலில் ஆஸ்பத்திரிக் குரல் வந்திருந்தது. அந்தக் குரலை அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

மூன்று பேருமாகப் பெட்டியை முதுகுப்பக்கமாகத் தலையணைகள் மேல் படுக்கவைத்தார்கள். "இன்னும் சாய். அடிப்பக்கம் மேலே வரணும். ரேடியேட்டரோட வாய் இருக்குல்ல, அதுதான் எல்லாத்துக்கும் உச்சியா இருக்கணும். காத்து மேலேதான் போகும். அதுக்கு வாசல் மேலே இருந்தாத்தானே வெளியே வரும்." கணவன் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிப் பிடித்தான். "இப்ப பம்புக்கு மட்டும் கரண்ட் குடு. மூணு எண்ணு, நிறுத்து."

பம்ப் ஓடியது. நின்றது. பெரியவள் உள்ளங்கையைக் குழித்து, ரேடியேட்டரின் விளிம்பில் பொத் பொத்தென்று தட்டினாள். மறுபடி, "குடு." ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் முறை, ரேடியேட்டரின் வாயிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு காற்றுத் துண்டு வெளியே வந்து, கண்ணாடிக் குழாயில் தயங்கி நின்றது. "விடாத, இன்னொரு தடவை." அது வளைவில் திரும்பி, நேராக ஓடி, தொட்டிக்குள் 'களக்' என்று விழுந்தது.

"வந்துடுச்சு," என்றான் கொழுந்தன், கோவிலில் பேசுவது மாதிரி மெதுவாக.

"வரிசையா வரும். நிமிர்த்துங்க. மூடியைத் திறந்து காத்தை விட்டுட்டுத் தண்ணி நிரப்பு. மறுபடி சாய்க்கணும்."

அப்படியே சாய்ப்பதும் நிமிர்த்துவதுமாக மூன்று மணி நேரம். சத்தம் கேட்டு மாமியார் படியேறி வந்து, கட்டிலில் சாய்ந்து, 'ஐயோ பாத்து, உடைச்சுடப் போறீங்க' என்று இரண்டு முறை சொல்லி, மூன்றாம் முறை சொல்வதற்குள் கண்ணயர்ந்துவிட்டாள். கணவன் பெட்டியைத் தாங்கியபடி, "இதையெல்லாம் எங்கே கத்துக்கிட்டே?" என்று கேட்டான். "பதினாலு வருஷமா தினம் இதைத்தான் பண்றேன்," என்றாள். அவன் அவளைப் பார்த்த பார்வையில் வியப்பு இருந்தது. அது அவளுக்கு இனித்தது என்பதை மறைப்பானேன். அதே சமயம், குழாய் வளைவுகளைக் கிட்டத்தில் பார்க்கப் பார்க்கப் பழைய எரிச்சலும் தலைதூக்கியது. எவ்வளவு சுத்தமான வேலை. தன்னால் இப்படி ஒரு வளைவு போட முடியாது. இந்தப் பெண்ணுக்குக் கையும் இருக்கிறது, அதைப் பார்க்க நாலு பேரும் இருக்கிறார்கள்.

ஆண்கள் இருவரும் டீ போட்டு வரக் கீழே போனார்கள். சின்னவள் பாட்டிலிலிருந்து தொட்டிக்குள் நூல் மாதிரித் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"நேத்தே உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

இல்லை, இன்று வேலையில்தான் தோன்றியது என்று சொல்லியிருக்கலாம். சின்னவள் நம்பியிருப்பாள், நம்பத்தான் கேட்டாளோ என்னவோ. பெரியவள் ஈரத் துண்டைப் பிழிந்தாள்.

"தெரியும். வாசல்ல நின்னப்பவே தெரியும்."

தண்ணீர் நூல் நின்றது. "ஃபுல் ஸ்பீட்ல விடச் சொன்னீங்களே."

"சொன்னேன்."

"தப்புன்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

சின்னவள் பாட்டிலைத் தரையில் வைத்தாள். "எதுக்கு?"

"பொறாமை," என்றாள் பெரியவள். அந்தச் சொல்லை அவள் தன்னைப் பற்றிச் சொன்னது அதுவே முதல் தடவை. சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "நீ ஒரு பெட்டியைக் கட்டினதுக்கு வீடே நாற்காலி போட்டு உக்காந்துச்சு. நான் தினம் ஆறு பேரை உயிரோட அனுப்பிட்டு வர்றேன். வந்தா, பால் வாங்கிட்டு வந்தியான்னு கேக்கறாங்க. உன் மேல தப்பு இல்ல. ஆனா எரிஞ்சது. நல்லா எரிஞ்சது."

கட்டிலில் மாமியார் லேசாகக் குறட்டை விட்டாள். சின்னவள் அழுவாள் அல்லது கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று பெரியவள் எதிர்பார்த்தாளோ என்னவோ. அவள் இரண்டும் செய்யவில்லை.

"நேத்து மத்தியானம் சொல்லியிருந்தா எனக்கு முழுசா ஒரு நாள் கிடைச்சிருக்கும்," என்றாள், நிதானமாக. "ராத்திரி முழுக்க நான்தான் ஏதோ தப்பா கட்டிட்டேன், எனக்கு இதெல்லாம் வராதுன்னு நினைச்சுட்டு உக்காந்திருந்தேன். நீங்க டீ போட்டுக் குடுத்தீங்க."

"ஆமா."

"சர்க்கரை வேற அதிகமா போட்டு."

படியில் ஆண்களின் காலடி கேட்டது. சின்னவள் பாட்டிலை எடுத்து மறுபடி தண்ணீர் விடத் தொடங்கினாள். அதன் பிறகு இருவரும் வேலை மட்டுமே பேசினார்கள்: சாய், நிமிர்த்து, குடு, நிறுத்து.

வெயில் சாயும் நேரத்துக்குக் குழாய்களில் ஒரு குமிழியும் இல்லை. தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாத அளவுக்குத் தெளிவு. பம்ப்பும் பிழைத்துவிட்டது, காதை வைத்துக் கேட்டால்தான் சத்தம். கூடுதலாக முக்கால் டம்ளர் தண்ணீர் உள்ளே போயிருந்தது. அவ்வளவு காற்று அந்த ரேடியேட்டருக்குள் ஒளிந்திருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டு வேலை கொடுத்தார்கள். சூடு ஐம்பது, ஐம்பத்தைந்து என்று ஏறி, அறுபத்தொன்றில் போய் அப்படியே நின்றது. கால் மணி நேரம் எல்லோரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது நகரவில்லை.

சின்னவள் திரையில் பாலத்தைத் திறந்தாள். "இனிமே எல்லாரும் கீழே போங்க," என்றாள்.

திங்கட்கிழமை காலை ஆறு நிமிடப் படத்தில் நாலு நிமிடம்தான் தயாராகியிருந்தது. பாலம் கட்டுகிறவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிக் கொடுக்கவில்லை. கிடைத்த நாலு நிமிடத்தை வாங்கிக்கொண்டார்கள். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்கள். மிச்ச இரண்டு நிமிடத்தை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டார்கள். படத்தின் கடைசியில் வருகிற பெயர்ப் பட்டியலில் சின்னவள் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரும் வந்தது. கொழுந்தன் இதைக் கீழே வந்து சொன்னபோது, பெரியவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவளோடு பேசவும் இல்லை. எதிரே வந்தால் ஒதுங்கி வழி விட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் கணவனை அனுப்பினாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம்; இதை என்ன செய்வது என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. இரண்டு தடவை படிவரை போய் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

ஒன்பதாம் நாள் எதிர்வீட்டு டெய்லரம்மா தைத்த துணிகளைக் கொடுக்க வந்தாள். வந்தவளை உட்காரவைத்து மாமியார் டீ கொடுத்து, வழக்கம் போல மீன்தொட்டிப் புராணத்தை எடுத்தாள்.

"எங்க சின்னவ கெட்டிக்காரி. உள்ளே காத்து அடைச்சு ரெண்டு நாள் திண்டாட்டம். கடைசியில பெட்டியையே தலைகீழா கவுத்து எடுத்துட்டாளே. பெரியவகூடப் பாவம், துண்டெல்லாம் எடுத்துக் குடுத்தா."

பெரியவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சுரீரென்று அதே நெருப்பு. இத்தனை பட்ட பிறகும் அது அப்படியே இருந்தது; சாம்பல்கூடப் பூக்கவில்லை. முன்பானால் பல்லைக் கடித்துக்கொண்டு, அதை எடுத்துக்கொண்டுபோய் உள்ளே பத்திரப்படுத்தியிருப்பாள்.

"அத்தை, கவுத்தது நான்," என்றாள்.

மாமியார் டம்ளரை இறக்கினாள். "நீயா?"

"நான்தான். துண்டு எடுத்துக் குடுத்தது அவ. நீங்க தூங்கிட்டீங்க."

"தூங்கிட்டேனா?" மாமியார் சற்று யோசித்தாள். "இருக்கும். ஆனா நீ சொல்லவே இல்லையே."

"உனக்கு எப்படிம்மா அதெல்லாம் தெரியும்?" என்று டெய்லரம்மா கேட்டாள்.

பெரியவள் மடித்த துணியைத் தள்ளி வைத்தாள். மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பாதி நிரப்பி, மூடி, கவிழ்த்துக் காட்டினாள். வடிகட்டிக்குள் தலைமுடி மாதிரி ஆயிரக்கணக்கான இழைகள் இருப்பதையும், ஒவ்வொன்றுக்குள்ளும் ரத்தம் ஓடுவதையும், குமிழி எங்கே ஒளியும், எப்படித் தட்டினால் வரும் என்பதையும் சொன்னாள். டெய்லரம்மாவுக்கு அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்த ஞாபகம். இரண்டு தடவை எழுந்திருக்கப் பார்த்தாள். பெரியவள் விடவில்லை. மாமியார் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதே மாதிரிதான் மாடியிலயும். பதினோரு தடவை சாய்ச்சோம்..."

"பதினாலு," என்று படியிலிருந்து குரல் வந்தது.

சின்னவள் மூன்றாம் படியில் நின்றிருந்தாள். கையில் காலி டம்ளர். தண்ணீர் எடுக்க இறங்கி வந்தவள் போல.

"பதினாலா?" என்றாள் பெரியவள்.

"நான் எண்ணினேன்." முகத்தில் சிரிப்பு இல்லை. டம்ளரைக் கைமாற்றிக்கொண்டாள். "அந்த இழை, எத்தனை இருக்கும்?"

"பத்தாயிரத்துக்கு மேல."

"அதுல ஒண்ணு ரெண்டுல காத்து நின்னா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சொன்னாப் புரியாது. பாக்கணும். பாக்கணும்னா அங்கே வந்தாத்தான்."

"பாப்போம்," என்றாள் சின்னவள். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு, மறுபடி மாடி ஏறினாள். டெய்லரம்மா அந்த நேரம் பார்த்து எழுந்துவிட்டாள். பெரியவள் அவளை வாசல் வரை கொண்டுபோய் விட்டபடியே, குமிழிக் கதையின் மிச்சத்தையும் சொல்லி முடித்தாள்.